மலையூரின் மழைநீரைக் கணினியில் கணக்கிடுவது எப்படி?

குன்னூரைச் சேர்ந்த கட்டுமானப் பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "சென்னைக்கு வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இருக்கின்றன. உதகையும் குன்னூரும் மலைமேல் இருக்கும் ஊர்கள். பெய்த மழை தானாகவே இறங்கிப் போய்விட வேண்டும். ஆனாலும் பெருமழை வந்தால் பேருந்து நிலையத்தின் பக்கமும் சந்தையின் பக்கமும் தண்ணீர் நிற்கிறது. இலவச மென்பொருளைக் கொண்டு எங்கள் ஊருக்கு ஒரு மாதிரியை நானே அமைக்க முடியுமா? சமவெளிக்காக எழுதப்பட்ட முறைகள் இங்கே பொருந்துமா?"

அமைக்க முடியும். மென்பொருளும் கணினியும் இன்று தடையே அல்ல. சமவெளியின் முறைகளில் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் சமவெளியில் கவலையின்றித் தள்ளிவிடக்கூடிய சில செய்திகள் மலையில் முதன்மையான செய்திகளாகிவிடுகின்றன. இருபது ஆண்டுகளாக மழைநீர் வடிகால் வடிவமைப்பில் இருக்கும் எனக்கு, மலையூர் ஒன்றுக்கு மாதிரி அமைப்பதில் முக்கால் பங்கு வேலை கணினிக்கு வெளியே இருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. அந்த முக்கால் பங்கைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், மலைமேல் தண்ணீர் ஏன் நிற்கிறது என்பது. மலையில் ஊர் அமையும் இடம் பெரும்பாலும் மலையின் உச்சி அல்ல; சுற்றிலும் மேடுகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதிதான். உதகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், பள்ளத்தில் இறங்கிய மலை ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்கினார். இன்று ஏறத்தாழ 65 ஏக்கரில் இருக்கும் அந்த ஏரி தொடக்கத்தில் இதைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அதன் பழைய பரப்பின்மேல் வந்தவை. நகரின் கழிவையும் மழைநீரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் இன்றும் அந்த ஏரியை நோக்கித்தான் ஓடுகிறது. ஆகவே அங்கே தண்ணீர் தேங்கும்போது, அது வழிதவறி வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அது தன் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. குன்னூரின் நிலை வேறு. அங்கே கிண்ணம் இல்லை, குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறது; நகரின் நடுவே ஓடும் ஆற்றின் கரையை ஒட்டியே கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. உதகையில் தண்ணீர் போக இடமின்றி நிற்கிறது என்றால், குன்னூரில் போகும் வழியின் அகலம் போதாமல் ஏறி வருகிறது. இவ்விரண்டையும் ஒரே வகை வெள்ளமாகக் கருதினால் மாதிரியின் அடித்தளமே பிழையாகிவிடும்.

இரண்டாவது காரணம் சரிவு மாறும் இடம். இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காட்டுகிறேன். 50 எக்டேர் பரப்புள்ள ஒரு மலைச்சரிவில் கூரையும் தார்ச்சாலையும் நிறைய இருப்பதால், பெய்யும் மழையில் பத்தில் ஆறு பங்கு உடனே ஓடிவரும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 மி.மீ. வீதத்தில் மழை பெய்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வானி முன்வைத்த எளிய முறைப்படி, ஓடுநீர்க் கெழுவையும் (மழையில் ஓடிவரும் பங்கு; இங்கே 0.6) மழை வீதத்தையும் பரப்பையும் பெருக்கினால் அடிவாரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 6.7 கன மீட்டர் தண்ணீர் வரும். இதைச் சுமக்க 1.5 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகால் ஒன்று இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும்வரை இந்த வடிகாலில், சரிவு, வடிவம், சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டு நீரளவைச் சொல்லும் மேனிங் சூத்திரப்படி நொடிக்கு 18 கன மீட்டர் வரை போகலாம், எனவே 6.7 கன மீட்டர் அதில் பாதி ஆழத்துக்கும் குறைவாகவே ஓடும். அதே வடிகால் பள்ளத்தாக்கின் தளத்தை அடைந்து இருநூறுக்கு ஒன்று என்று சரிவு தணிந்த உடன், அதே அகலமும் ஆழமும் இருந்தும் அதன் கொள்திறன் நொடிக்கு 4 கன மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மீதி 2.7 கன மீட்டர் சாலைக்கு வருகிறது. இப்படிப் பத்து நிமிடம் ஓடினால் 1,600 கன மீட்டர். ஓர் எக்டேர் சமதளத்தில் அது 16 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். மேலே உள்ளவர்கள் வடிகால் பாதிகூட நிறையவில்லை என்பார்கள்; கீழே கடைக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். இரு தரப்பும் சொல்வது உண்மையே.

இந்தக் கணக்கிலும் நான் வடிகாலைச் சுத்தமானதாக வைத்திருக்கிறேன். வண்டல் எங்கே படியும் என்று எண்ணிப் பாருங்கள்: வேகம் குறையும் இடத்தில், அதாவது நமக்குக் கொள்திறன் மிகவும் தேவைப்படும் அதே தட்டையான பகுதியில். பாதி ஆழம் வண்டலால் நிறைந்துவிட்டால் 4 கன மீட்டர் 1.6 ஆகிறது, அந்த வண்டலின்மேல் செடியும் குப்பையும் சேர்ந்து சொரசொரப்பு கூடினால் 1 கன மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. இதற்குமேல் இன்னொன்றும் நடக்கிறது. செங்குத்தான பகுதியில் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர், தட்டையான பகுதியில் மெதுவான தண்ணீரைச் சந்திக்கும்போது அமைதியாகக் கலப்பதில்லை. சட்டென்று எழும்பி, நுரைத்து, ஆழமாகிறது. இதை நீர்த்தாவல் என்பார்கள். மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால், அரை மீட்டர் ஆழத்துக்கும் குறைவாக வந்த தண்ணீர் இரண்டரை மீட்டருக்கும் மேல் எழும்ப முயலும். வடிகாலின் சுவர் 1 மீட்டர்தான். சரிவின் அடியில் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் மூடுகல் பெயர்ந்து தண்ணீர் பீறிடுகிறது என்றால், அங்கே பெரும்பாலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

சாலையின் குறுக்கே தண்ணீரைக் கடத்தும் சிறுபாலங்களுக்கும் ஒரு சொல். குழாய் செங்குத்தாகப் போட்டிருப்பதால் நிறையத் தண்ணீரை விழுங்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியல்ல. செங்குத்தான குழாயில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை அதன் வாய்தான் முடிவு செய்கிறது. வாயின் மையத்துக்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் நின்றாலும் 900 மி.மீ. குழாய் ஒன்று நொடிக்கு 1.7 கன மீட்டர் அளவில்தான் உள்ளே இழுக்கும். குழாயின் சரிவை இரட்டிப்பாக்கினாலும் அந்த எண் மாறாது. வாயில் ஒரு மரக்கிளையும் நான்கு பிளாஸ்டிக் பைகளும் சிக்கினால் மட்டும் உடனே பாதியாகிவிடும்.

மூன்றாவது, நேரம். சரிவின் தொலைவான மூலையில் விழுந்த துளி அடிவாரத்தை அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட, 1940-இல் கிர்பிச் என்ற பொறியாளர் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. 1,200 மீட்டர் நீளமுள்ள பாதைக்கு, ஐந்நூறுக்கு ஒன்று என்ற சமவெளிச் சரிவில் அது 50 நிமிடம் என்கிறது. நூறுக்குப் பதினைந்து என்ற மலைச்சரிவில் 10 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு என்கிறது. அமெரிக்காவின் சிறு வேளாண் நீர்ப்பிடிப்புகளின், அதாவது ஓர் ஓடைக்கு மழைநீரைத் தரும் நிலப்பரப்புகளின், அளவீடுகளிலிருந்து வந்த சூத்திரம் அது. நம் ஊரின் கெட்டித்தளங்களில் இன்னும் விரைவாகவே தண்ணீர் வந்து சேரும். ஆக, மலையூரின் வெள்ளம் பத்து நிமிட நிகழ்ச்சி. மழைத் தரவைப் பற்றிய எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

நமக்கு எளிதில் கிடைக்கும் மழைத் தரவு, காலை 8.30-க்கு அளக்கப்படும் 24 மணி நேர மொத்தம். மேலே நான் வைத்துக்கொண்ட மழையைத் திரும்பப் பாருங்கள்: மணிக்கு 80 மி.மீ. வீதத்தில் பத்து நிமிடம் பெய்தால் மொத்தம் 13 மி.மீ.தான். அன்றைய நாள் மொத்தம் 25 மி.மீ. என்று பதிவாகியிருந்தால் அதைச் சாதாரண மழை என்றே எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் அதன் பாதி பத்து நிமிடத்தில் கொட்டியிருந்தால் சந்தைக்குள் தண்ணீர் வந்திருக்கும். மறுபுறம், நாள் முழுவதும் சாரலாகப் பெய்த 100 மி.மீ. மழை வடிகாலை நிறைக்காமலேயே போய்விடலாம். நாள் மொத்தத்தை 24 மணிக்கும் சமமாகப் பிரித்து மாதிரிக்குள் இடுவது மிகப் பெரிய பிழை. மாணவர்களின் ஆய்வேடுகளில் அதை அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு ஐந்து நிமிட இடைவெளியில் பதிவாகும் மழை வேண்டும். சிறு வாளி நிறைந்து கவிழும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் மழைமானி அதற்குப் போதும். மல்வானி தம் முறையை எழுதியதே, தானாகப் பதிவு செய்யும் மழைமானிகளையும் வெள்ளமானிகளையும் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்திய கட்டுரையில்தான். அவருடைய பெருக்கல் கணக்கை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், மழைமானியை விட்டுவிட்டார்கள்.

அந்த மழைமானி ஒன்று போதாது என்பதும் நீலகிரிக்கே உரிய சிக்கல். 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கும் மேல் பெய்தது. உதகை நகரம் அங்கிருந்து நேர்க்கோட்டில் இருபது கி.மீ.க்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில்கூட வராத அளவு மழைதான் நகரில் பெய்தது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் ஆட்சி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முதன்மை பெறுகிறது. ஒரு மேட்டைத் தாண்டினால் மழை மாறிவிடும் நாட்டில், மாவட்டச் சராசரி மழையை வைத்துக் குன்னூரின் வடிகாலைக் கணக்கிடுவதில் பொருளே இல்லை. உங்கள் நீர்ப்பிடிப்பின் மேல்முனையில் ஒரு மானி, அடிவாரத்தில் ஒரு மானி என்று குறைந்தது இரண்டு மானிகளாவது வையுங்கள்.

மண்ணுக்கு வருவோம். நீலகிரியின் ஆழமான செம்மண்ணும் சோலைக்காட்டின் அடியிலுள்ள இலைமக்கும் நிறையத் தண்ணீரை உறிஞ்சக்கூடியவை. தேயிலைத் தோட்டம், காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் காய்கறித் தோட்டம், சீகை (வாட்டில்) மரக்காடு, கற்பூர (யூகலிப்டஸ்) மரக்காடு, புல்வெளி என ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். நிலப்பயன்பாடு மாறினால் நீரோட்டம் மாறும் என்பதற்கு இந்த மலையிலேயே அளந்த சான்று இருக்கிறது: உதகையிலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அளந்து, ஒன்றில் கற்பூர மரம் நட்டபின் அதன் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்ததைக் கண்டார்கள். அது ஆண்டு முழுவதற்குமான நீர்வரத்துக் கணக்கு என்பதை மறந்து, கற்பூர மரம் வெள்ளத்தைத் தடுக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வெள்ளம் வரும் நாளில் மண் ஏற்கெனவே எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதே பெரிது. நவம்பரில் ஐந்து நாள் விடாமல் பெய்து மண் ஊறிய பிறகு, ஆறாம் நாள் மழையின் பெரும்பகுதி காட்டுத் தரையிலிருந்தும் ஓடிவந்துவிடக்கூடும். ஆகவே ஒரே மழையை மாதிரியில் குறைந்தது இருமுறை ஓட்டுங்கள்: காய்ந்த மண்ணில் ஒரு முறை, ஊறிய மண்ணில் ஒரு முறை.

இனி மென்பொருள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை புதுப்பித்த 'ஸ்வம்' என்ற மழைநீர் மேலாண்மை மாதிரி முற்றிலும் இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஊரைச் சிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் மழையில் மண் உறிஞ்சியது போக எஞ்சியதைக் கணக்கிட்டு, அதை வடிகால்கள், குழாய்கள், சந்திப்புக் குழிகள் கொண்ட வலையின் வழியே அது நகர்த்துகிறது. நகர்த்துவதற்கு அடிப்படை, பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான்ட் 1871-இல் எழுதிய இரு சமன்பாடுகள்: ஒன்று தண்ணீரின் அளவு எங்கும் தொலைந்துபோகாது என்கிறது, மற்றது ஈர்ப்பு, அழுத்தம், உராய்வு ஆகியவற்றுக்கு இடையிலான கணக்கைச் சொல்கிறது. சாலைமேல் பரவும் தண்ணீருக்கு, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் 'ஹெக்-ராஸ்' இருக்கிறது. 2016-இல் வந்த 5.0 பதிப்பு முதல் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து இரு பரிமாணத்தில் கணக்கிடுகிறது. அதுவும் இலவசம். வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் வசதிகள் கூடுதல். ஆனால் அடிப்படை இயற்பியல் ஒன்றுதான்.

ஸ்வம் மென்பொருளில் தண்ணீரை நகர்த்தும் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் கவனமாக இருங்கள். அங்கே உள்ள எளிய வழி, தண்ணீர் சரிவின் விசையாலும் உராய்வாலும் மட்டுமே இயங்குகிறது என்று கொள்கிறது. செங்குத்தான வடிகாலுக்கு அது நன்றாகவே பொருந்தும், விரைவாகவும் ஓடும். ஆனால் கீழே உள்ள தண்ணீர் மேலே உள்ளதைத் தடுத்து நிறுத்துவது அந்த வழிக்குத் தெரியாது. ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து கால்வாயின் வாயை அடைப்பதும், சிறுபாலத்தின் முன்னால் தண்ணீர் குளமாவதும் அதில் வராது. மலையூருக்கு இவைதாம் உயிர்நாடி என்பதால் முழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் செங்குத்தான சரிவில் செயின்ட் வெனான்ட் சமன்பாடே பிழைபடாதா என்று சிலர் அஞ்சுவார்கள். அது தண்ணீரின் அழுத்தத்தைச் சரிவு மிகச் சிறியது என்று கொண்டு கணக்கிடுவது உண்மைதான்; ஆனால் பத்துக்கு ஒன்று சரிவில் அதனால் வரும் பிழை ஒரு விழுக்காடு, மூன்றுக்கு ஒன்று சரிவில்தான் பத்து விழுக்காடு. உங்கள் மழைத் தரவின் பிழைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதைவிட வளைவுகளைப் பாருங்கள். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும்போது, 1.5 மீட்டர் அகல வடிகாலின் உள்கரைக்கும் வெளிக்கரைக்கும் இடையே நீர்மட்டத்தில் அரை மீட்டருக்கும் மேல் வேறுபாடு வருகிறது. இந்த மென்பொருளில் வடிகால் ஒரு கோடு மட்டுமே. வெளிக்கரையைத் தாண்டித் தெறிக்கும் தண்ணீரை அது காட்டாது. வளைவுகளை நீங்கள் தனியாகக் கையால் கணக்கிட்டுத்தான் தீர வேண்டும்.

மலையூரில் சாலையே இரண்டாவது வடிகால். மழை பெய்யும்போது சாலையோரம் நின்று பார்த்தால் புரியும்: செங்குத்தான சாலையில் ஓடிவரும் தண்ணீர், ஓரத்தில் உள்ள கம்பிவலை மூடியின் மேலேயே தாவிப் போய்விடுகிறது, வேகம் அதிகமானால் உள்ளே விழுவதற்கு அதற்கு நேரமில்லை. மாதிரியில் அந்த மூடிக்குக் கீழே பெரிய குழாயை வரைந்து, எல்லாத் தண்ணீரும் அதற்குள் போகிறது என்று விட்டுவிட்டால் சாலை காய்ந்தே இருக்கும். உண்மையில் சாலை ஆறாக இருக்கும். 2022-இல் வந்த ஸ்வம் 5.2 பதிப்பில் இந்த மூடிகளின் உறிஞ்சுதிறனைத் தனியாகக் கணக்கிடும் வசதி இருக்கிறது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். கொண்டை ஊசி வளைவுகளையும் விட்டுவிடாதீர்கள். சாலையில் இறங்கும் தண்ணீர் வளைவில் சாலையோடு திரும்புமா, அல்லது நேரே தடுப்புச் சுவரைத் தாண்டிக் கீழ்வீட்டின் கூரைமேல் இறங்குமா என்பது ஒரு சாண் உயரமுள்ள கரைக்கல்லைப் பொறுத்தது.

அந்த ஒரு சாணை எந்தச் செயற்கைக்கோளும் உங்களுக்குக் காட்டாது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளான எஸ்.ஆர்.டி.எம்., கார்ட்டோசாட் ஆகியவை 30 மீட்டர் கட்டங்களில் இருக்கின்றன. உயரத்தில் சில மீட்டர் பிழை இயல்பு, மலையில் இன்னும் கூடும். எஸ்.ஆர்.டி.எம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்றிலிருந்து ரேடாரால் அளந்தது. அடர்ந்த கற்பூர மரக்காட்டின் மேல் அது அளந்தது மரத்தின் உயரத்தையும் சேர்த்துத்தான், தரையை மட்டும் அல்ல. பள்ளத்தாக்கின் நடுவே மரக்கூட்டம் இருந்தால், உங்கள் மாதிரியில் அங்கே இல்லாத அணை ஒன்று எழுந்து நிற்கும். நீர்ப்பிடிப்பின் எல்லையை வரைய இந்தத் தரவு போதும். ஆனால் அதை வைத்துத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று வண்ண வரைபடம் போடுவது மக்களை ஏமாற்றுவதாகும். தெருவுக்கு டிரோன் அளவீடோ, நிலஅளவைக் கருவியோ வேண்டும். இரண்டும் கைக்கு எட்டாவிட்டால், சாலையின் சந்திப்புகள், சிறுபாலங்களின் அடிமட்டம், கரைக்கற்கள், கடைகளின் வாசற்படி ஆகியவற்றை மட்டுமாவது மட்டக் கருவியால் அளந்துவிடுங்கள். இருநூறு புள்ளிகளைச் சரியாக அளப்பது, இருபது லட்சம் கட்டங்கள் கொண்ட தவறான தரவைவிட மேலானது. கட்டத்தின் அளவைச் சிறிதாக்கினால் கணக்கீட்டு நேரமும் சுருங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 2 மீட்டர் கட்டத்தில் 30 செ.மீ. ஆழத் தண்ணீர் நொடிக்கு 4 மீட்டரில் ஓடினால், ஒவ்வொரு கணக்கீட்டுப் படியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விடை தாறுமாறாகலாம்.

அடைப்பைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மலையூர் ஒன்றின் ஒரு பகுதிக்கு மாதிரி அமைத்தேன். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்கும் அங்கிருந்த ஒரு சிறுபாலம் தாங்கும் என்று என் மாதிரி காட்டியது. அப்படியே எழுதியும் கொடுத்தேன். அடுத்த பருவமழையில், அதைவிடச் சிறிய மழையிலேயே அந்தச் சிறுபாலத்தின்மேல் தண்ணீர் ஏறி நான்கு வீடுகளுக்குள் புகுந்தது. போய்ப் பார்த்தபோது, சிறுபாலத்தின் உள்ளே குறுக்காக இரண்டு குடிநீர்க் குழாய்கள் போயிருந்தன. அவற்றில் சாக்கும் கிளையும் சிக்கி, மண் சேர்ந்து, திறப்பில் மூன்றில் இரண்டு பங்கு அடைபட்டிருந்தது. அந்தக் குழாய்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. நான் குனிந்து உள்ளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. அந்த நான்கு வீடுகளின் சுவரில் இருந்த சேற்றுக் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பிறகு, ஒவ்வொரு சிறுபாலத்துக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த மாதிரியையும் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றையும் திறந்த நிலை, பாதி அடைப்பு, முழு அடைப்பு என மூன்று நிலையில் ஓட்டாமல் எந்த விடையையும் கொடுப்பதில்லை. முழு அடைப்பில் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதுதான் மலையூரின் மாதிரி சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள செய்தி என்பது என் முடிவு.

மாதிரி சரிதானா என்று தெரிந்துகொள்ள, நடந்த ஒரு மழையை அதில் ஓட்டி, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். ஓடைகளில் நீரளவுக் கருவி இல்லாத ஊரில் மக்களே சாட்சி. கடைக்காரர் "இந்தப் படிவரை வந்தது" என்று காட்டும் கோட்டை மட்டக் கருவியால் அளந்துகொள்ளுங்கள். மழையின்போது எடுத்த கைபேசிக் காணொளிகளில் நேரம் பதிவாகியிருக்கும். தண்ணீர் எப்போது ஏறியது, எப்போது வடிந்தது என்பது அதிலிருந்து கிடைக்கும். ஆழத்தைவிட நேரம் கூடுதல் மதிப்புள்ளது. சொரசொரப்புக் கெழுவைச் சற்று மாற்றி ஆழத்தை எப்படியும் பொருத்திவிடலாம், நேரத்தையும் சேர்த்துப் பொருத்துவது கடினம். இரண்டு மூன்று மழைகள் கிடைத்தால் ஒன்றை வைத்துக் கெழுக்களைத் திருத்துங்கள். மற்றவற்றைத் திருத்தாமல் ஓட்டிப் பாருங்கள். எல்லா மழைக்கும் தனித்தனியாகக் கெழுவை மாற்றினால்தான் பொருந்துகிறது என்றால், பிழை கெழுவில் இல்லை. நீங்கள் பார்க்காத ஏதோ ஒரு குழாயில் இருக்கிறது.

நிலச்சரிவைப் பற்றியும் கேட்பீர்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்திலும் நடந்தவற்றை இந்த மாவட்டம் மறக்காது. 2009-இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடிகால் மாதிரி நிலச்சரிவைக் கணிக்காது. மண்ணுக்குள் ஏறும் நீரழுத்தமும் மண்ணின் பிடிமானமும் வேறு கணக்கு. ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: சாலை வடிகால் நிரம்பி வழியும் இடத்தில் தண்ணீர் வெட்டுச் சரிவின்மேல் இறங்குகிறது, அந்தச் சரிவு ஊறுகிறது. உங்கள் மாதிரியில் தண்ணீர் வடிகாலை விட்டு வெளியேறும் இடங்களைக் குறித்து, அவற்றுக்குக் கீழே வீடுகள் உள்ள வெட்டுச் சரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பட்டியலை நிலவியல் அறிந்தவரிடம் கொடுங்கள்.

பரிகாரங்களைச் சோதிக்கும்போது, வடிகாலை அகலப்படுத்துவதையே முதலில் எல்லோரும் கேட்பார்கள். அதை மாதிரியில் செய்து பார்த்தால், அகலப்படுத்திய இடத்தில் தண்ணீர் குறையும். கீழே இன்னும் விரைவாக, இன்னும் அதிகமாகப் போய்ச் சேரும். மேல்தெருவின் நன்மை கீழ்த்தெருவின் கேடாகும். ஆகவே எந்தப் பரிகாரத்தையும் நீர்ப்பிடிப்பின் அடிவரை ஓட்டிப் பார்க்காமல் பரிந்துரைக்காதீர்கள். மலையில் எனக்கு நம்பிக்கை தருவது, தண்ணீரை மேலேயே தாமதப்படுத்துவதுதான். எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களை மூடாமல் விடுவது, செங்குத்தான வடிகாலில் படிகள் அமைத்து வேகத்தைக் குறைப்பது, சரிவு தணியும் இடத்துக்குச் சற்று மேலே வண்டல் தேங்கும் தொட்டி கட்டி அதை மழைக்காலத்தில் திரும்பத் திரும்பத் தூர் வாருவது. மேலே சொன்ன 50 எக்டேர் எடுத்துக்காட்டில், வெளியே வழிந்த 1,600 கன மீட்டரைப் பத்து நிமிடம் பிடித்து வைக்க ஒரு கால்பந்து மைதானத்தில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் அளவு இடம் போதும். ஒரே இடமாக வேண்டியதில்லை. பத்துச் சிறிய இடங்களாக இருக்கலாம். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது இரண்டாவது மழை வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பாருங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் தொடங்க வேண்டியது முழுக் குன்னூரோடு அல்ல. ஒரே ஓடை, முப்பது நாற்பது எக்டேர், இரண்டு மூன்று சிறுபாலங்கள். நகராட்சியிடம் வடிகால் வரைபடம் இருந்தால் கேட்டுப் பெறுங்கள், ஆனால் அதை நம்பிவிடாமல் ஒவ்வொரு வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் நடந்து அளங்கள். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். எந்த அளவு மழைக்கு வடிவமைப்பது என்ற முடிவுக்கு அது உதவும். கல்லூரிக் கூரையில் ஒரு மழைமானியும், நீர்ப்பிடிப்பின் மேல்முனையில் யாராவது தோட்டக்காரர் அனுமதித்தால் இன்னொன்றும் வையுங்கள். நீர்மட்டத்துக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம்: அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சிறுபாலத்தின் சுவரில் செங்குத்தாகப் பொருத்தி, உள்ளே ஒரு மரச்சட்டத்தை நிறுத்தி, அடியில் கொஞ்சம் தக்கைத் தூளைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறும்போது தூளும் மிதந்து ஏறி, உச்சியை அடைந்த இடத்தில் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை அந்தக் கோட்டை அளந்து, சட்டத்தைத் துடைத்து, திரும்ப வைத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. அதற்குள் இரண்டு மழைமானிகளும் மூன்று குழாய்களும் இடத்தில் இருந்தால், நவம்பர் முடிவதற்குள் ஒப்பிட்டுப் பார்க்க நான்கைந்து மழைகள் உங்கள் கையில் இருக்கும். அந்த எண்களோடு எழுதுங்கள். சொரசொரப்புக் கெழுவை எங்கே வைப்பது என்று சேர்ந்தே பார்க்கலாம்.